சாரை மேல் போட்ட துணி

அந்தத் துணி இரண்டு கஜம் இருக்கும். எங்கள் தறியிலேயே ஓடிய வெள்ளைத் துணி. அறுத்த கையோடு, தண்ணீர்கூடப் படாமல், நேராகப் போய்ப் பாம்பின் மேல் விழுந்தது. ஒரு ஓரத்தில் புல்லின் பச்சைக் கறையும் நடுவில் செம்மண் இழுபட்ட தடமும் இருந்தன. துவைக்கவே கூடாது என்று அம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டதால், நாலு மூலையிலும் மஞ்சள் தடவி, மடித்து, பீரோவின் மேல்தட்டில் அண்ணியின் கல்யாணப் புடவைக்குப் பக்கத்தில் வைத்திருந்தார்கள். இரண்டரை வருடம் அது அங்கே இருந்தது. துணி கீழே இறங்கிய நாலைந்து மாதத்தில் அண்ணியும் எங்கள் வீட்டைவிட்டுப் போய்விட்டாள். அதை இறக்க வைத்தது நான் வாய் திறந்து பேசிய ஒரே ஒரு பேச்சு.

நான் திருப்பதியில் ஒரு கல்லூரியில் விலங்கியல் நடத்துகிறேன். சுற்றுவட்டாரத்தில் பாம்பைப் பற்றி யாராவது பேச வேண்டுமென்றால் என்னைக் கூப்பிடுகிறார்கள். எனக்குப் பாம்பு பிடிக்கத் தெரியாது; பிடிக்கிறவர்கள் வேறு. எனக்குத் தெரிந்ததெல்லாம் பேச்சுதான், அதில் சின்ன வயதிலிருந்தே நான் கஞ்சத்தனம் காட்டியதில்லை. பிறந்து வளர்ந்தது ஆந்திராவில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய நகரியில். நைனாவும் அண்ணனும் வீட்டை ஒட்டிய கொட்டகையில் ஆறு பவர்லூம் ஓட்டினார்கள். நான் இன்டர் முதல் வருடம், அதாவது பதினோராம் வகுப்பு, படிக்கும்போது அண்ணி கல்யாணமாகி வந்தாள். விஜயபுரம் பக்கம் ஒரு கிராமம், நெல்லும் வேர்க்கடலையும் போடுகிற குடும்பம். என்னைவிட ஐந்து வயது மூத்தவள். வந்த முதல் வாரம் தறிச் சத்தத்தில் யார் என்ன கேட்கிறார்கள் என்று புரியாமல் எல்லாவற்றுக்கும் தலையாட்டிக்கொண்டிருந்தாள். உப்பு கேட்டால் மோர் கொண்டுவந்து வைப்பாள். ஒரு மாதத்தில் எங்களைப்போலவே உதட்டைப் பார்த்துப் பேச்சைப் பிடிக்கக் கற்றுக்கொண்டாள்.

தறி ஓடுகிறவரை எங்கள் கொட்டகைக்குள் பாம்பு வராது. நமக்கு இருப்பதுபோல் பாம்புக்கு வெளிக்காது கிடையாது. ஆனால் தரையில் வரும் அதிர்வு தாடை எலும்பு வழியாக அதற்குப் போய்ச் சேர்ந்துவிடும். ஆறு தறி ஒன்றாக அடிக்கும்போது தரையே நடுங்கும். அப்படிப்பட்ட இடத்தில் எந்தப் பாம்பும் தலைகாட்டாது. கரண்ட் போன மதியங்களில்தான் வம்பு. சத்தம் அடங்கியதும் தறியில் ஏற்றிய பாவு நூலில் போட்டிருக்கும் கஞ்சி வாசனைக்கு எலி வரும், எலியின் பின்னாலேயே சாரைப்பாம்பு வரும். அண்ணி வருவதற்கு முன்னால் இந்தக் கதை ஒரே மாதிரிதான் முடிந்துகொண்டிருந்தது. யாராவது அலறுவார்கள், அண்ணன் கட்டையைத் தேடுவான், கொஞ்ச நேரத்தில் பாம்பு செத்துக் கிடக்கும்.

அண்ணி வந்த பிறகு நடந்தது வேறு. அன்றைக்கு வந்தது ஆறடிக்குக் குறையாத சாரை. அண்ணன் கட்டையை எடுத்துவிட்டான். பாம்பு தறிக்கால் சந்தில் சுருண்டு, கழுத்தை உப்ப வைத்துக்கொண்டு, அடித்தொண்டையிலிருந்து உறுமியது. சாரைக்கு விஷம் இல்லை. இந்த உறுமலும் உப்பலும்தான் அதன் கையிருப்பு. பெரிய பாம்பு மாதிரி காட்டிக்கொண்டு பயமுறுத்தும், வழி கிடைத்தால் அடுத்த நொடி ஓடிவிடும். அண்ணி அடுக்களையிலிருந்து வந்து ஒரு பார்வை பார்த்தாள். எங்கள் எல்லோரையும் ஒரே பக்கமாகத் தள்ளி நிறுத்திவிட்டு, சுற்றிப் போய்ப் பின்கதவைத் திறந்து வைத்தாள். "எல்லாரும் வழி மறிச்சிக்கினு நின்னா அது எங்க போவும்? உன்ன துன்னவா வந்துகீது? எலிய துன்ன வந்துகீது. சும்மா நில்லு" என்று அண்ணனிடம் சொன்னாள். நாங்கள் நின்றோம். பாம்பு உறுமலை நிறுத்தி, நாக்கை நீட்டி நீட்டிப் பார்த்து, பின்கதவு வழியாக அவசரமே இல்லாமல் வெளியே போனது. அன்றிலிருந்து எனக்கு அண்ணி என்றால் அப்படி ஒரு பிரியம். அண்ணன் மட்டும் ரெண்டு நாள் உர்ரென்று இருந்தான்.

நான் கல்லூரிக்குப் போவதற்குள் இரண்டு வருடம் ஓடிவிட்டது. அண்ணிக்குக் குழந்தை இல்லை. அம்மாவைப் பொல்லாதவளாக எழுதிவிட்டு நான் நல்லவளாகிக்கொள்வது சுலபம். அவள் அப்படிப்பட்டவள் இல்லை. ஆனால் மாதாமாதம் அண்ணி தனியாகத் தட்டெடுத்துக்கொண்டு உட்காரும் நாளில் அம்மா வீட்டில் ஒரு பேச்சும் பேச மாட்டாள். அந்த மௌனம் தறிச் சத்தத்தைவிடப் பெரிதாக இருக்கும். திருப்பதி ஆஸ்பத்திரியில் அண்ணிக்கு எல்லா டெஸ்டும் எடுத்தார்கள். குறை ஒன்றுமில்லை, வீட்டுக்காரரை ஒருமுறை அழைத்து வாருங்கள் என்றார்கள். அண்ணனுக்கு எப்போதும் பாவு ஏற்றுகிற வேலை இருந்தது. அவன் கடைசிவரை போகவே இல்லை.

அந்த வைகாசியில், கோடை மழை ஒன்று அடித்து ஓய்ந்த மறுநாள் காலை பத்து மணி இருக்கும். கொட்டகைக்குப் பின்னால் சீமைக்கருவேலம் மண்டிய காலி மனை. பக்கத்து வீட்டு அம்மா சுவர்மேல் எட்டிப் பார்த்து, "பாமுலு! ரெண்டு பாமுலு! ரண்டி, ரண்டி!" என்று தெலுங்கில் எங்களை வரச் சொல்லிக் கூப்பாடு போட்டாள். ஓடிப்போய்ப் பார்த்தோம். இரண்டு பாம்புகள் ஒன்றையொன்று கயிறு முறுக்கியதுபோலப் பின்னிக்கொண்டு இடுப்புயரத்துக்கு எழும்பி நின்றன. எழும்பும், ஆடும், தொப்பென்று விழும், மறுபடி எழும்பும். அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "நல்லதும் சாரையும் பிணையுதுடி! புதுத்துணி போட்டா கொழந்த நிக்கும்" என்றாள். எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த வழக்கம்தான். நல்லபாம்பு பெண், சாரை ஆண், இரண்டும் சேரும்போது மேலே புதுத்துணியைப் போட்டு எடுத்து வைத்துக்கொண்டால் அந்த வீட்டில் இல்லாதது வந்து சேரும். நைனா ஓடுகிற தறியை நிறுத்தி, பாதியில் துணியை அறுத்துக் கொடுத்தார். தறிக்காரன் பாதியில் அறுக்கவே மாட்டான். அன்றைக்கு அவரே அறுத்தார்.

"மருமவ கையாலதான் போடணும்" என்றாள் அம்மா. அண்ணி செருப்பைக் கழற்றிவிட்டு, அதிர்வு தெரியாமல் பாதத்தை மெல்ல ஊன்றி நடந்துபோய், பத்தடி தள்ளி நின்று துணியை விரித்து எறிந்தாள். துணி அவற்றின் மேல் விழுந்தது. உள்ளேயே இரண்டும் புரண்டன. பிறகு ஒன்று வடக்கே போனது, இன்னொன்று குட்டைப் பக்கம் போனது. இரண்டுக்கும் ஒரே நிறம், ஒரே மாதிரித் தலை, எதற்கும் படம் இல்லை. நாங்கள் ஏழெட்டுப் பேர் நின்று பார்த்தோம், ஒருவர் கண்ணிலும் அது படவில்லை. அண்ணி துணியை எடுத்து இரண்டு கையாலும் பிரசாதம் வாங்குவதுபோல் ஏந்திக்கொண்டு வந்தாள்.

அந்தத் துணி பீரோவில் ஏறிய பிறகு வீடு மாறிவிட்டது. மாதாமாத மௌனம் நின்றது. அண்ணி தட்டெடுத்துக்கொண்டு உட்கார்ந்தாலும் அம்மா, "அதுக்குனு ஒரு நேரம் வரணும் இல்ல" என்று தானே சமாதானம் சொன்னாள். யாராவது விசேஷம் உண்டா என்று கேட்டு வந்தால், "பாம்புத் துணி இருக்கு எங்க வீட்டுல" என்று பெருமையாகப் பீரோவைக் காட்டுவாள். அண்ணி முன்னைவிடச் சத்தமாகச் சிரித்தாள். நான் திருப்பதி ஹாஸ்டலில் சேர்ந்து சனிக்கிழமைகளில் பஸ் பிடித்து வருவேன். பையைக் கீழே வைக்கக்கூட விடமாட்டாள். "இன்னா படிச்ச இந்த வாரம், சொல்லு" என்பாள். தவளையின் இதயத்துக்கு மூன்று அறை என்று சொன்னால், "நமக்கு?" என்பாள். நாலு என்றால், "ஒரு ரூம்பு ஜாஸ்தியா குடுத்தும் ஆளுங்க இப்படித்தான் கீறாங்க" என்று சிரிப்பாள். பத்தாவதோடு நிறுத்தப்பட்டவள் அவள். நான் படித்தது எதுவாக இருந்தாலும் முதலில் கேட்டது அவள்தான். ஒன்றே ஒன்றைத் தவிர.

மூன்றாம் வருடம் தீபாவளி கழிந்த ஒரு வாரத்தில் வகுப்பில் ஒரு வீடியோ காட்டினார்கள். அதே ஆட்டம். இடுப்புயரம் எழும்பிப் பின்னிக்கொள்ளும் இரண்டு பாம்புகள். இரண்டும் சாரை, இரண்டும் ஆண். கடித்துக்கொள்ளாமல், யார் தலை மேலே என்று ஒன்றையொன்று தரையில் அழுத்தப் பார்க்கிற மல்யுத்தம். தோற்றது போய்விடும். சாரையும் நல்லபாம்பும் வேறு வேறு இனம், சேரவே சேராது. உண்மையாகச் சேருகிற பாம்புகள் யார் கண்ணிலும் படாமல் தரையோடு தரையாக, சத்தமில்லாமல் கிடக்கும். எனக்கு அதைப் பார்த்ததும் சிரிப்பு தாங்கவில்லை. வீட்டில் சொல்ல வேண்டும், சொல்ல வேண்டும் என்று நாக்கு துடித்தது.

அந்த வாரம் சனிக்கிழமை வகுப்பு இருந்ததால் ஞாயிற்றுக்கிழமைதான் கிளம்பினேன். புத்தூரில் பஸ் ஒரு மணி நேரம் நின்றுவிட்டது. வீட்டுக்குள் நுழையும்போது எல்லோரும் சாப்பிட உட்கார்ந்திருந்தார்கள். அம்மாவின் தம்பி, எங்கள் மாமா, வந்திருந்தார். அண்ணி பரிமாறிக்கொண்டிருந்தாள். கை கழுவிவிட்டு நானும் உட்கார்ந்தேன். அம்மா மாமாவிடம் துணிக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் பேச்சின் நடுவில் புகுந்தேன். "அது புருஷன் பொண்டாட்டியே இல்லம்மா. ரெண்டும் ஆம்பளப் பாம்பு. அடிச்சிக்கினு இருந்துச்சிங்க. எங்க மேடம் வீடியோவே போட்டுக் காமிச்சாங்க" என்றேன். அதோடு விட்டேனா? எச்சில் கையையும் இன்னொரு கையையும் பின்னி, எப்படி எழும்பும், எப்படித் தள்ளும் என்று நடித்தும் காட்டினேன். மாமா புரையேறச் சிரித்தார். "அப்போ சண்டைக்காரனுங்களுக்கா புதுத்துணி போத்தினீங்க?" என்றார். நைனா சிரித்தார். அண்ணனும் சிரித்தான். அம்மா சிரிக்கவில்லை. அவள் என்னைப் பார்க்கவும் இல்லை, ரசக் கரண்டியோடு நின்றிருந்த அண்ணியைப் பார்த்தாள். அண்ணி குனிந்து மாமாவின் இலையில் ரசம் ஊற்றினாள்.

அன்று சாயங்காலம் அவள் என்னிடம் இன்னா படிச்ச என்று கேட்கவில்லை. நானும் அதைக் கவனிக்கவில்லை. இருபது வயதில் தனக்குத் தெரிந்தது பிறருக்குத் தெரியவில்லை என்பதே ஒரு போதை.

அடுத்த வாரம் வந்தபோது கொட்டகையில் மூன்றாவது தறியின் சட்டத்தில் ஒரு துணி தொங்கியது. எண்ணெயும் கருப்பும் ஏறி, கையைத் துடைத்துத் துடைத்து மொறமொறப்பாகியிருந்தது. மூலையில் மஞ்சள் தெரிந்ததால்தான் அடையாளம் கண்டேன். யாரும் தொடக் கூடாது என்று வைத்திருந்ததை மிஷின் துடைக்கக் கொடுத்துவிட்டாள் அம்மா. அண்ணிக்குத் தினமும் அந்தத் தறியைத் தாண்டித்தான் தண்ணீர் எடுக்கப் போக வேண்டும். மாதாமாத மௌனம் திரும்பி வந்தது. இந்த முறை அது ஒரு நாளோடு நிற்கவில்லை. பொங்கலுக்குள், "இன்னும் எத்தினி நாளு பாக்கறது" என்று அம்மா வாய்விட்டே கேட்க ஆரம்பித்தாள். துணி இருந்தவரை அவள் காத்திருந்தாள். காத்திருக்க அவளுக்கு ஒரு காரணம் இருந்தது. அதை நான் எடுத்துவிட்டேன்.

பாம்பு மாதக்கணக்கில் பட்டினி கிடக்கும் என்று நான் இப்போது மாணவர்களுக்குச் சொல்கிறேன். இரை கிடைக்காத காலத்தில் அது உடம்பின் வேலைகளையெல்லாம் குறைத்துக்கொள்ளும். அசைவைக் குறைக்கும், ஒரே மறைவிடத்தில் அசையாமல் கிடக்கும், அப்படியே அந்தக் காலத்தைத் தாண்டிவிடும். அதைச் சொல்லும்போதெல்லாம் அந்த நாலைந்து மாத அண்ணிதான் எனக்கு ஞாபகம் வருவாள். சாப்பாடு குறைந்தது, பேச்சு குறைந்தது. அடுக்களையின் ஒரு மூலையில் கூடியவரை இடம் அடைக்காமல் இருந்தாள். பங்குனியில் இரண்டு பக்கத்துப் பெரியவர்களும் உட்கார்ந்து, பிரித்துவிடுவது என்று பேசி முடித்தார்கள். காகிதத்தில் கையெழுத்தானது. அவள் தம்பி மினி லாரி கொண்டுவந்து பீரோவையும் பாத்திரங்களையும் ஏற்றிப் போனான். அன்றைக்கு எனக்குத் திருப்பதியில் பரீட்சை. அது மதியம் பன்னிரண்டு மணிக்கு முடிந்துவிட்டது. பஸ் பிடித்திருந்தால் லாரி கிளம்புவதற்குள் போய்ச் சேர்ந்திருக்கலாம். ஹாஸ்டல் கட்டிலில் படுத்துக்கொண்டு நாளைய பரீட்சைக்குப் படிப்பதாக எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அண்ணனுக்கு மறுகல்யாணம் ஆகி இப்போது இரண்டு பிள்ளைகள். அத்தை அத்தை என்று என் மேலேயே ஏறி விளையாடுவார்கள். அவர்கள் இல்லாத வீட்டை என்னால் நினைத்துப் பார்க்க முடியாது. வந்தவளும் தங்கமான பெண்தான். ஆனால் அவளை அண்ணி என்று கூப்பிடும் ஒவ்வொரு தடவையும், அடுக்களையிலிருந்து வேறொருத்தி எட்டிப் பார்ப்பாள் என்று ஒரு கணம் தோன்றும். நல்லதாக எதையாவது படித்தால் இன்றைக்கும் முதலில் அவளிடம் சொல்ல வேண்டும் என்றுதான் கை போனைத் தேடுகிறது. யாரிடமோ வாங்கிய அவளுடைய நம்பர் என் போனில் பல வருடமாக இருந்தது. எத்தனையோ முறை எடுத்துப் பார்த்திருக்கிறேன். ஒருமுறைகூட அழுத்தவில்லை. என்னென்று ஆரம்பிப்பது?

போன வருடம் வேர்க்கடலை பிடுங்கும் காலத்துக்கு முன்னால், விஜயபுரம் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூட மைதானத்தில் பாம்புக்கடி பற்றிப் பேசக் கூப்பிட்டார்கள். அவளுடைய ஊருக்கு அடுத்த ஊர். தெரிந்துதான் ஒப்புக்கொண்டேன். பாதித் தெலுங்கிலும் பாதித் தமிழிலும் பேசினேன். பெரும்பாலான பாம்புகள் காலடி அதிர்வுக்கே விலகிவிடும், கண்ணாடி விரியன் விலகாது. கொடிக்கு அடியில் மண்ணோடு மண்ணாக அசையாமல் கிடந்து தப்பப் பார்க்கும், அதனால்தான் நாம் போய்க் கை வைத்துவிடுகிறோம், குக்கர் மாதிரிச் சீறினால் அப்படியே நின்று, பிறகு மெல்லப் பின்வாங்குங்கள் என்றேன். கடித்தால் கட்டாதீர்கள், கீறாதீர்கள், நேராக ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்றேன். கேள்வி நேரம் வந்தது. எந்த ஊரிலும் தப்பாமல் வருகிற கேள்வியை ஒரு பெரியவர் கேட்டார். "மேடம், பாம்புங்க பின்னிக்கினு ஆடறப்ப துணி போட்டா நல்லதுன்றாங்களே, நெசமா?"

வழக்கமாக இதற்கு நான் வைத்திருக்கும் பதிலில் கூட்டம் சிரித்துவிடும். வாயைத் திறந்தவள், கடைசி வரிசையில் வேப்பமரத்து நிழலில் நின்றிருந்த அண்ணியைப் பார்த்துவிட்டேன். கழுத்தில் ஏதோ கம்பெனி அட்டை தொங்கியது. காதோரம் நரைத்திருந்தது. தண்ணீர் பாட்டிலை எடுத்தேன், மூடியைத் திருகினேன், குடிக்கவில்லை. கூட்டம் காத்திருந்தது. அப்போது பின்னாலிருந்து அவளே சொன்னாள். "அது ரெண்டும் ஆம்பளப் பாம்பு பெரிப்பா. சண்ட போட்டுக்கினு கீதுங்க. துணி போட்டா துணிதான் அழுக்காவும்." கூட்டம் கொல்லென்று சிரித்தது. அவளும் சிரித்தாள்.

எல்லோரும் கலைந்த பிறகு மரத்தடிக்குப் போனேன். ஸ்ரீசிட்டியில் ஒரு கம்பெனியில் வேலை, காலை ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கினாளாம், மைக்கில் என் குரலைக் கேட்டு அப்படியே வந்துவிட்டாளாம். தனியாக ஒரு வீடு எடுத்துக்கொண்டு இருக்கிறாள். என் கையைப் பிடித்துப் பார்த்து, "எளைச்சிப் போய்க்கீற பாப்பா" என்றாள். பன்னிரண்டு வருடமாக நெஞ்சுக்குள் ஒத்திகை பார்த்து வைத்திருந்ததெல்லாம் மறந்துபோய், "அண்ணி, அன்னிக்கி நான் வாய மூடிக்கினு இருந்திருக்கணும்" என்றேன். அழுகை வந்துவிட்டது.

"நீ இன்னா பொய்யா சொன்ன? நெசத்ததான சொன்ன" என்றாள். என் கையை அவள் விடவில்லை. அப்புறம் மெதுவாகச் சொன்னாள். "மொதல்ல எங்கிட்ட சொல்லியிருக்கலாம் பாப்பா. தனியா. நான் எல்லாரு எதுர்லயும் நின்னுக்கினு கேட்டேன்."

நான் மன்னிப்பு என்ற சொல்லைத் தேடிக்கொண்டிருந்தேன். அதைச் சொல்ல அவள் இடம் கொடுக்கவில்லை. "இன்னொண்ணு கேக்கணும்னே இருந்தேன் இத்தினி வருஷமா. அதுங்க ரெண்டும் அடிச்சிக்கினு இருந்துச்சே, பொட்டப் பாம்பு எங்க இருந்துச்சு அப்போ?" என்றாள்.

இத்தனை வருடப் பாடத்தில் ஒரு பிள்ளைகூட என்னிடம் கேட்காத கேள்வி. அன்றைக்குச் சாப்பாட்டு நேரத்தில் நானும் அந்தப் பெண் பாம்பை நினைக்கவில்லை. "பக்கத்துலதான் எங்கனா பொதர்ல இருந்திருக்கும் அண்ணி. கெலிச்சது அதத் தேடிக்கினு போவும். ஆனா அது அங்கயே காத்துக்கினு இருக்கணும்னு ஒண்ணும் இல்ல. சில நேரத்துல, இதுங்க சண்ட முடியறதுக்குள்ளவே அது பாட்டுக்குப் போய்டும்" என்றேன்.

"போயிருக்கும்" என்றாள் அண்ணி.

பிறகு பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள். தண்ணி வரும் நேரம், போய்ப் பிடிக்க வேண்டும் என்றாள். வீட்டுக்கு வா என்று கூப்பிடுவாள் என்று நினைத்தேன். கூப்பிடவில்லை. மைதானத்தைக் கடந்து, தெருமுனை திரும்பும்வரை அவளையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு தடவையாவது திரும்பிப் பார்ப்பாள் என்று நினைத்தேன். அவள் வேகமாக நடந்து போய்க்கொண்டிருந்தாள்.